இல்லை என்பதற்குச் சாட்சி

ஓர் எண் பகு எண் என்று நிலைநாட்ட ஒரே ஒரு சாட்சி போதும். 143 பகு எண் என்று ஒருவர் கூற, நாம் அதை ஐயுற்றால், அவர் 11, 13 என்னும் இரண்டு எண்களை நம் முன் வைத்து, பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். பெருக்கத் தெரிந்த எந்தச் சிறுவனும் அந்த வழக்கை அங்கேயே தீர்த்துவிடுவான். ஆனால் 127 பகா எண் என்று கூறுகிறவருக்கு இப்படி எடுத்து வைக்கக்கூடிய சாட்சி எதுவும் கிடையாது. ஏனெனில் அவர் சொல்வதெல்லாம், 1-ஐயும் இதனையும் தவிர இதை மீதியின்றி வகுக்கும் எண் உலகத்தில் எங்குமே இல்லை என்பதுதான். இருக்கும் பொருளை இருக்கிறது என்று காட்ட விரல் போதும்; இல்லாத பொருளை இல்லை என்று ஐயமறக் காட்டுவதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவு எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஒரு பெரிய பகா எண்ணை முன்னிறுத்திக் காண்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

127-ஐப் பொறுத்தவரை வேலை எளிது. 2, 3, 5, 7, 11 ஆகிய ஐந்து பகா எண்களால் வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மீதி நிற்பதைக் கண்டதும் நாம் நிறுத்திக்கொள்ளலாம். 127-ஐ இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத முடியுமானால் அவ்விரண்டில் சிறியது அதன் வர்க்கமூலத்தை மீறாது. 12-ஐ 12-ஆல் பெருக்கினாலே 144 வந்துவிடுகிறபடியால், சிறிய காரணி இருக்குமாயின் 11-க்குள்ளேயே அகப்பட்டிருக்க வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாக இந்த முறை பகா எண்களை ஒன்றுவிடாமல் விசாரிக்கும் மாபெரும் பிரயாசையாக மாறிவிடுகிறது.

இப்போது நாம் எடுத்துக்கொள்ளும் எண் 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணியும், அடுத்ததில் இரண்டும், அதற்கடுத்ததில் நான்குமாக இரட்டித்துக்கொண்டே போகும் பழங்கதையை அறியாதவர் இல்லை. அந்தக் கதையில் முப்பத்தோராம் கட்டத்தை நிரப்பியவுடன் நிறுத்திக்கொண்டு, அதுவரை வைத்த மணிகளையெல்லாம் ஒன்றாகக் குவித்தால், குவியலில் இருப்பவை சரியாக 2147483647 மணிகளே. ஆயிரம் மணிக்கு 20 கிராம் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 43 டன் எடையுள்ள நெல். அடுத்த கட்டத்துக்குரிய மணிகளைக் காட்டிலும் இது ஒன்றே ஒன்று குறைவு என்பதால், கணித நூலார் இதனை 2³¹ − 1 என்று எழுதுவர். இந்தக் குவியலைப் பங்கிட இரண்டு பேர் வந்தாலும், இரண்டாயிரம் பேர் வந்தாலும், இரண்டு கோடிப் பேர் வந்தாலும், ஒரு மணியையும் பிளக்காமல் எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க முடியாது. முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஆளுக்கு ஒரு மணி வீதம் 214 கோடிப் பேருக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டும். இதுதான் அந்த எண்ணின் பகாத் தன்மை.

இத்தகைய எண்களின் மீது மனிதனுக்கு ஆசை பிறந்ததற்குக் காரணம் மிகப் பழமையானது. 6 என்னும் எண்ணைத் தவிர்த்து அதன் மற்றக் காரணிகளாகிய 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வருகிறது. 28-க்கும் அவ்வாறே 1, 2, 4, 7, 14 ஆகியவை கூடி 28 ஆகின்றன. இவற்றை நிறைவு எண்கள் என்று போற்றிய கிரேக்கர்களுள் யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில், இரட்டித்துக் கூட்டிய தொகை பகா எண்ணாக அமையும்போதெல்லாம், அதனைக் கடைசிக் கட்டத்தின் எண்ணால் பெருக்கினால் நிறைவு எண் கிடைக்கும் என்று நிரூபித்தார். 1, 2, 4 ஆகியவற்றின் தொகை 7. அது பகா எண். 7-ஐ 4-ஆல் பெருக்க 28. ஆகவே நிறைவு எண்ணைத் தேடுகிறவர்கள் எல்லாரும் இரட்டிப்புத் தொகைகளில் எவை பகா எண்கள் என்னும் வினாவுக்கே வந்து சேர்ந்தார்கள்.

கட்டங்களின் எண்ணிக்கை பகு எண்ணாயின் தொகையும் பகு எண்ணாகவே இருக்கும் என்பது விரைவில் தெளிவாயிற்று. ஆனால் அதன் மறுதலை உண்மையன்று: 11 பகா எண்ணாக இருந்தும், 2¹¹ − 1 ஆகிய 2047, 23-க்கும் 89-க்கும் பெருக்கமாக உடைந்துபோகிறது. இத்தாலி நாட்டுக் கட்டால்டி என்பவர் 1588-ஆம் ஆண்டில், 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகிய இரண்டும் பகா எண்கள் என்பதை, வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தே நிறுவினார். அதன்பின் 23, 29, 31, 37 என்னும் அடுக்குகளுக்கும் அவ்வாறே பகா எண்கள் வரும் என்று கூறினார். அவற்றுள் 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் கணித நூலாராகிய ஃபெர்மாவும், 29-ஐப் பின்னர் மற்றொரு கணித நூலாராகிய ஆய்லரும் தவறென்று காட்டிவிட, எஞ்சி நின்றது 31 ஒன்றே. பாரிஸ் நகரத்துத் துறவியாகிய மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 இடம் பெற்றிருந்தது. ஆயினும் அதே பட்டியலில் இருந்த 67, 257 ஆகியவை பிற்காலத்தில் பொய்த்துப் போனதிலிருந்து, பட்டியலில் இடம் பெறுவது வேறு, நிரூபணம் பெறுவது வேறு என்பதை நாம் உணரலாம்.

31-க்கு நிரூபணம் தேட வேண்டுமானால் கட்டால்டியின் வழியில் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று பார்ப்போம். 2147483647-இன் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அந்த எல்லைக்குள் 4,792 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண் ஒன்றை 4,792 முறை பிழையின்றி வகுத்து, ஒவ்வொரு முறையும் மீதியைக் குறித்துக்கொள்வது ஒருவருடைய பல மாதங்களை விழுங்கக்கூடிய வேலை. அதனினும் பெரிய இடர், நடுவில் எங்கேனும் ஒரு வகுத்தலில் கை தவறினாலும் முழு முடிவும் ஐயத்துக்கு இடமாகிவிடும் என்பதே. இங்கேதான் அறிவு உழைப்புக்குத் துணை வருகிறது. ஓர் ஊரில் திருடன் ஒளிந்திருக்கிறானா என்று அறிய எல்லா வீடுகளையும் சோதிக்க வேண்டியதில்லை. அவனுக்கு இன்ன இன்ன அங்க அடையாளங்கள் இருந்தே தீர வேண்டும் என்பது ஐயமின்றித் தெரிந்தால், அந்த அடையாளம் உடையவர்களை மட்டும் விசாரித்தாலே போதும். நம் எண்ணுக்கு ஒரு காரணி இருக்குமானால், அந்தக் காரணி எத்தகைய லட்சணங்களை உடையதாக இருந்தாக வேண்டும் என்பதே கேள்வி.

முதல் லட்சணத்தைக் காண, உடைந்துபோன 2047-இன் காரணியாகிய 23-ஐயே கையில் எடுத்துக்கொள்வோம். 1-இலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், 23-ஐத் தாண்டும்போதெல்லாம் 23-ஐக் கழித்துவிட வேண்டும். அப்போது கிடைப்பவை: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, அடுத்தது 24, அதில் 23 போக மீண்டும் 1. பதினொரு எண்கள் கொண்ட ஒரு வளையம் இவ்வாறு மூடிக்கொள்கிறது. இதில் வராமல் விடுபட்ட எண்களுள் 5-ஐ எடுத்து அவ்வாறே இரட்டித்துப் பார்த்தால், 5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14 என்று ஓடி, 28-இல் 23 போக மறுபடியும் 5-க்கே வந்து நிற்கிறது, இதிலும் பதினொன்றே. 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களும், ஒன்றும் மிச்சமின்றி, இரண்டு வளையங்களில் அடங்கிவிட்டன. பென்சிலும் தாளும் கொண்டு வாசகர் ஒருமுறை இதைத் தாமே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனெனில் இந்த இரண்டு வளையங்களுக்குள் அடங்கியிருக்கும் நியதியே, 31-க்கான நிரூபணத்தைத் தேடி ஆய்லர் நடந்த பாதையின் முதற்படி.

அந்த நியதி யாதெனில், எந்த ஒற்றைப் பகா எண்ணை எடுத்து இவ்வாறு இரட்டித்தாலும், தோன்றும் வளையங்கள் யாவும் ஒரே நீளமுடையவை. அவை எல்லாம் சேர்ந்து அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த தொகையை நிரப்பிவிடுகின்றன. ஆதலால் வளையத்தின் நீளம், பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும். இப்போது 2³¹ − 1-ஐ ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முப்பத்தொரு முறை இரட்டித்தவுடன் நாம் 1-க்குத் திரும்பிவிடுகிறோம்; ஆகவே வளையத்தின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும்; 31-ஓ பகா எண்; நீளம் ஒன்றாக இருக்க இயலாது; எனவே அது 31-ஆகவே இருந்தாக வேண்டும். இதனால் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவது 31-இன் மடங்கு. அது இரட்டைப்படை எண்ணும் ஆதலால் 62-இன் மடங்கு. 63, 125, 187, 249, 311 என்று 62 இடைவெளியில் வரும் எண்களுக்கு வெளியே நம் எண்ணின் பகாக் காரணி எதுவும் ஒளிந்திருக்க வழியே இல்லை.

இரண்டாவது லட்சணம் இன்னும் நுட்பமானது. நம் எண்ணை இரண்டால் பெருக்கினால் 2³² − 2 வருகிறது. 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆகவே நம் எண்ணை வகுக்கும் எதுவும், ஒரு வர்க்கத்தில் இரண்டு குறைந்த எண்ணையும் வகுத்தாக வேண்டும். வர்க்கத்தில் இரண்டு குறைந்த எண்களுக்கோ விசித்திரமான ஒரு குணம் உண்டு. 3-இன் வர்க்கத்தில் இரண்டு போக 7, 5-இன் வர்க்கத்தில் போக 23, 7-க்கு 47, 9-க்கு 79, 11-க்கு 119, அதாவது 7-ம் 17-ம் பெருக்கியது, 13-க்கு 167. இந்த வரிசையை எவ்வளவு தூரம் நீட்டினாலும் 3, 5, 11, 13, 19 முதலிய பகா எண்கள் ஒருபோதும் காரணியாக எட்டிப் பார்ப்பதில்லை. வருகின்ற ஒற்றைப் பகா எண்கள் எல்லாம் 8-ஆல் வகுத்தால் 1-ஓ 7-ஓ மீதி நிற்பவையே. இதன் நிரூபணம் நீண்டது; அதை மற்றோர் அத்தியாயத்துக்கு ஒத்திவைத்து, இங்கே பயனை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு லட்சணங்களையும் ஒருங்கே பொருத்தினால், நம் எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1-ஆக இருக்க வேண்டும், அல்லது 63-ஆக இருக்க வேண்டும். 1,500-க்குள் 239 பகா எண்கள் இருக்கின்றன. அவற்றுள் இந்த லட்சணம் உடையவை 311, 1303, 1489 ஆகிய மூன்றே. 46,340 வரை எண்ணினாலும் இந்த இரு வகையில் அடங்குபவை 373 எண்கள்தாம். அவற்றிலும் 63, 249 போன்ற பகு எண்களை நீக்கிவிட்டால் எஞ்சும் பகா எண்கள் எண்பதை ஒட்டியே நிற்கும். 4,792 வீடுகளில் தேட வேண்டியிருந்த திருடனை எண்பது வீடுகளில் தேடினால் போதும் என்ற நிலைக்கு, ஒரு வகுத்தலும் செய்யாமலே, சிந்தனை நம்மைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

முதல் வீட்டுக் கதவை நாமே தட்டிப் பார்ப்போம். 2¹⁰ ஆகிய 1024-ஐ 311-ஆல் வகுக்க மீதி 91. அதனை வர்க்கப்படுத்தினால் 8281; அதை 311-ஆல் வகுக்க மீதி 195; இது 2²⁰-க்கு உரிய மீதி. 195-ஐ 91-ஆல் பெருக்க 17745, மீதி 18, இது 2³⁰-க்கு உரியது. மேலும் ஒருமுறை இரட்டிக்க 36. அதில் ஒன்றைக் கழிக்க 35. மீதி சூனியமாகவில்லை, ஆகவே 311 காரணி அன்று. இதே யுக்தியைக் கையாண்டு 1303-க்கு 226 மீதி என்றும், 1489-க்கு 199 மீதி என்றும் சில நிமிஷங்களில் கண்டுகொள்ளலாம். பத்து இலக்க எண்ணை எங்கும் தொடாமலே அதன் மீதியைக் கண்டுவிடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வாறு எல்லா வீடுகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ட பின்னரே, இந்த எண்ணுக்குக் காரணி இல்லை என்னும் வாக்கியம் அபிப்பிராயம் என்ற நிலையிலிருந்து உயர்ந்து பிரமாணம் ஆகிறது.

இந்தக் காரியத்தை முடித்தவர் லியோனார்டு ஆய்லர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1707-இல் பிறந்து, தம் முதுமையை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கழித்த அப்பெரியார், பெர்லினில் இருந்த யோகான் பெர்னூலி என்னும் வானநூலாருக்கு எழுதி 1772-இல் வெளிவந்த கடிதத்தில், 248-ஐ ஒட்டிய இந்த இரண்டு வகை எண்களையும் குறிப்பிட்டு, 46339 வரையில் சோதித்துப் பார்த்ததில் எதுவும் வகுக்கவில்லை ஆதலால் 2³¹ − 1 பகா எண்ணே என்று தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. ஒரு கண் இளமையிலேயே பார்வை குன்றியிருக்க, மற்றொரு கண்ணும் புரை மூடி ஏறத்தாழ முற்றிலும் இருண்டுவிட்ட காலம். ஆயினும் அந்த ஆண்டுகளில் அவருடைய ஆராய்ச்சி சுருங்கவில்லை, பெருகியது. கண்ணால் எண்களைப் பார்த்து வகுக்க இயலாத நிலையில் இருந்த ஒருவர், எவற்றை வகுக்க வேண்டியதில்லை என்பதை அகக்கண்ணால் கண்டு சொன்னார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

யூக்ளிட் காட்டிய வழியில் இந்தப் பகா எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவு எண் 2305843008139952128. இரட்டைப்படையான நிறைவு எண் எதுவாயினும் அது யூக்ளிடின் வழியிலேயே பிறந்திருக்க வேண்டும் என்பதையும் ஆய்லரே நிரூபித்தார். ஒற்றைப்படையில் ஒரு நிறைவு எண்ணேனும் உண்டா என்பது இன்றளவும் தீராத வினா. இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ என்னும் கணித நூலார் 1811-இல் வெளியிட்ட தம் நூலில், மனிதர் காணப்போகும் நிறைவு எண்களில் இதுவே மிகப் பெரியதாக நிலைத்துவிடும் என்றும், பயனற்ற வெறும் விநோதமாகிய இதற்கும் அப்பால் எவரும் முயலமாட்டார் என்றும் எழுதினார். உழைப்பை மட்டும் வைத்து அளந்தால் அவர் கருத்து நியாயமானதே. ஆனால் 1876-இல் பிரான்ஸின் எட்வார்ட் லூகாஸ், வகுத்துத் தேடும் முறையை அறவே விடுத்து வேறொரு சோதனையைக் கண்டார். பின்னர் அமெரிக்காவின் லெமர் அதனைச் செம்மைப்படுத்தினார். 4-இல் தொடங்க வேண்டும். அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழிக்க வேண்டும். வருவதைச் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கும் அவ்வாறே செய்துகொண்டு போக வேண்டும். அடுக்கில் இரண்டு குறைந்த தடவைகள் செய்து முடிக்கும்போது சூனியம் வந்தால் எண் பகா எண். வராவிட்டால் பகு எண். 2⁵ − 1 ஆகிய 31-க்கு இதைச் செய்து பார்ப்போம்: 4, பிறகு 14, பிறகு 194, அதை 31-ஆல் வகுக்க மீதி 8, 8-இன் வர்க்கத்தில் இரண்டு போக 62, அதை 31-ஆல் வகுக்க மீதி சூனியம். மூன்றே படிகள். வர்க்கத்தில் இரண்டு குறைந்த எண், ஆய்லரிடம் காரணிகளின் லட்சணமாக நின்றது, இங்கே மீண்டும் வந்து தீர்ப்பையே எழுதிவிடுகிறது. நம் எண்ணுக்கு இருபத்தொன்பது படிகள் போதும். லூகாஸ் இந்த வழியில் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்பதைக் கணினியின் துணையின்றியே நிறுவினார். 2024-இல் அறியப்பட்ட, 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களை உடைய 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பதையும் உறுதி செய்தது இதே சோதனைதான்.

பயனற்ற விநோதம் என்று பார்லோ கருதிய எண்ணின் பிற்காலச் சரித்திரம் கவனிக்கத்தக்கது. கணினிகள் எண்களை 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எழுதுகின்றன. அம்முறையில் 2147483647 என்பது தொடர்ந்து நிற்கும் முப்பத்தொரு ஒன்றுகள். கூட்டல் கழித்தல் குறிக்கு ஓரிடம் ஒதுக்கி 32 இடங்களில் எண்களை வைக்கும் கணினிக்கு அதுவே உச்ச எல்லை. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணிக்கொண்டு வரும் அத்தகைய கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடிக்கு இந்த எல்லையைத் தொட்டுவிடும் என்பதால், அவற்றைத் திருத்தி அமைக்கும் வேலை உலகெங்கும் நடைபெறுகிறது. அந்த எல்லைக்குப் பகாத் தன்மை காரணமன்று. ஆனால் வேறொரு துறையில் பகாத் தன்மையே உயிர்நாடி. தற்செயலானவைபோல் தோன்றும் எண்கள் விஞ்ஞானக் கணிப்புகளுக்கு ஏராளமாகத் தேவைப்படுகின்றன. 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டால், 1, 16807, 282475249, 1622650073 என்று ஒழுங்கற்றுத் தாவும் வரிசை கிடைக்கிறது. 1969-இல் கணினிகளுக்கென வகுக்கப்பட்ட இந்த வரிசை, 214 கோடிக்கும் மேற்பட்ட மீதிகள் ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்ட பிறகே 1-க்குத் திரும்புகிறது. 23-ஐ வைத்து நாம் வரைந்த அதே வளையம்தான் இது; இங்கே இரண்டாகப் பிரியாமல், எல்லா மீதிகளும் ஒரே மாலையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன.

இறுதியாக ஒன்று. 31-ஐ அடுக்காக வைத்து ஒரு பகா எண்ணைப் பெற்றோம். அந்தப் பகா எண்ணையே அடுக்காக ஏற்றி, இரண்டை அத்தனை முறை பெருக்கி ஒன்று கழித்தால் வருவதும் பகா எண்ணாகுமோ என்று கேட்பது மனித இயல்பு. அந்த எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். வினாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் ஓயாமல் எழுதினாலும் இருபது ஆண்டுகள் கழியும். ஆயினும் அது பகு எண் என்பது நமக்குத் தெரியும். அதற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. 295257526626031 என்னும் பதினைந்து இலக்க எண் அதனை மீதியின்றி வகுக்கிறது. அந்தச் சாட்சியைச் சற்று உற்று நோக்குங்கள். அதில் ஒன்றைக் குறைத்து 2147483647-ஆல் வகுத்தால் ஈவு 137490; மீதி இல்லை. அதையே 8-ஆல் வகுத்தால் மீதி 7. பார்வை இழந்த ஆய்லர் காரணிகளுக்கு இருந்தே தீர வேண்டும் என்று கண்ட இரண்டு லட்சணங்களையும், எவராலும் முழுவதும் எழுதிப் பார்க்கப்படாத ஓர் எண்ணின் காரணி, அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், பிசகாமல் தாங்கி நிற்கிறது.